புதிர் அரிசியோடு சங்கத்தில் சேரப் போன கதை

ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போவது எப்படி என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நான் அந்த வழியால் போனது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள். ஊர் பார்க்கவல்ல, ஒரு சங்கத்தில் சேர. பாதையைச் சொல்கிறேன். கூடவே என் வயிற்றெரிச்சலையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நானும் மச்சான் நடேசனும் நெல் மில்களின் தராசுகளைச் சோதித்துச் சரிசெய்யும் சிறு கொம்பனி வைத்திருந்தோம். எந்த மில்லையும் சாராதவர்கள். மில்காரர் சங்கம் அந்த வருடம் ஒரு விதி போட்டது: இனிச் சங்க அங்கத்தவர் சோதித்த தராசுதான் செல்லும். அங்கத்தவராவதற்குச் சொந்தச் சோதனைப் படிக்கல் வேண்டும், ஒரு மில் முதலாளியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், எந்த மில்லிடமும் எதுவும் வாங்கியிருக்கக் கூடாது. மில்காரரிடம் கடிதம் வாங்கு, வேறொன்றும் வாங்காதே! இதை எழுதிய மகராசனை இன்றைக்கும் தேடுகிறேன். சேராவிட்டால் கொம்பனியை மூட வேண்டியதுதான்.

காலை ஏழு மணிக்கு ஒட்டுசுட்டான் மில் முதலாளி சின்னத்தம்பியர் வீட்டுக்குப் போனோம். கடிதத்தை உடனே எழுதித் தந்தார். புறப்படும்போது அவருடைய மனைவி ஒரு பையை நீட்டினா.

“புதிர் அரிசி. பிள்ளையளுக்குப் பொங்கிக் குடுங்கோ.”

புதிரென்றால் முதல் வெட்டிய நெல்லின் அரிசி; ஐந்து இறாத்தல் இருந்தது. அதை வேண்டாம் என்றால் அந்த வீட்டுப் படலை பிறகு நமக்குத் திறக்காது. வாங்கிக்கொண்டோம்.

ஏழே முக்காலுக்கு பஸ். மாங்குளம் பதினைந்து மைல். வழியில் யானை நின்றதால் அரை மணித்தியாலம் போய்விட்டது. மாங்குளத்தில் பஸ் மாறி இன்னும் பத்தொன்பது மைல். ஆளுக்கு ஒன்றரை ரூபா முடிந்தது. பதினொன்றேகாலுக்குக் கிளிநொச்சியில் இறங்கினோம். படிக்கல் பெட்டி தூக்கி நடேசனுக்குத் தோள் கழன்றுவிட்டது.

சங்கக் கந்தோரில் செயலாளர் படிக்கல்லைப் பார்த்தார், கடிதத்தை வாசித்தார். “எல்லாம் சரி, கதிரையிலை இருங்கோ,” என்றார். பேனையைத் திறந்தவர் பையில் இருந்த மில் முத்திரையைக் கண்டுவிட்டார்.

“இது ஆரின்ரை அரிசி?”

“கடிதம் தந்தவர் வீட்டுப் புதிர், ஐயா,” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

“அப்ப நீங்கள் அவரின்ரை ஆக்கள்.”

“புதிரை ஆரும் வேண்டாமெண்டு சொல்லுவினமோ?” என்று கேட்டான் நடேசன்.

“எனக்கும்தான் புதிர் வந்தது, தம்பி. ஆனா நான் தராசு சோதிக்கிறேல்லை.”

எங்கள் விண்ணப்பம் கையெழுத்தில்லாமலே மேசையின் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன். இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு இறங்கி அந்தக் காட்டுக்குள் நடந்து போய்விடலாம் போலிருந்தது.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், மாங்குளத்தில் தேநீர் குடியுங்கள். கந்தோர் அலுவலென்றால் கையில் கிடக்கும் பையெல்லாவற்றையும் தேநீர்க் கடையில் வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

பிறகு எந்த மில்லும் எங்களைக் கூப்பிடவில்லை. நடேசன் வவுனியாவுக்கு வேலை தேடிப் போனான். சின்னத்தம்பியர் பாவம் பார்த்து என்னைத் தன் மில்லில் நெல் நிறுக்க வைத்துக்கொண்டார். அந்தச் செயலாளர் ஒருநாள் மில்லுக்கு வந்து, சின்னத்தம்பியரைக் காட்டி, “நீங்கள் இவரின்ரை ஆளோ?” என்று கேட்டார். என் முகம்கூட அவருக்கு நினைவில்லை. நான் ஓம் என்றேன்.