பிரேக் சவிட்ட ஆளில்லாத நாள்

என் வீட்டுக்காரர் சுந்தரதாஸுக்குப் பாறசாலையில் ரோட்டோரம் ஒரு கடை இருக்கிறது. கார்களுக்கு ஒயரிங் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதுதான் தொழில். இப்போது வருகிற பிள்ளைகள் எல்லாரும் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போடச் சொல்கிறார்கள். உள்ளே கூரை லைட், முன்னால் ஹெட்லைட், பின்னால் சிவப்பு, ஒன்றையும் பாக்கி விடுவதில்லை. கூரை லைட் எரியாவிட்டால் அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். பல்பைத் திருப்பிச் சொருகினால் எரிந்துவிடும். பின் லைட் என்றால் மட்டும் அவருக்குப் பயம். மத்தியானம் நான் சோற்றுத் தூக்கோடு வரும்வரை வண்டியை விடமாட்டார். நான் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். அவர் பின்னால் நின்று பார்ப்பார்.

“சவிட்டு. விடு. ஒருக்கா கூட சவிட்டு.”

பக்கத்துச் சாயாக்கடை வயலட் சிரிப்பாள். “எக்கா, டிரைவர் வேலை கெடச்சாச்சு உனக்கு. வண்டி மட்டும் நகரல்ல.”

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை நான் செங்கல் ஊர்ச் சிவன் கோயிலுக்கு நேர்ச்சை செலுத்தப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் அம்பூரிக்காரன் நிபின் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். மறுநாள் அவனுக்குக் கல்யாணம்.

“ஆசானே, எல்லாம் எல்இடி ஆக்கணும். நாளைக்கு பகல்லயே அத்தனை லைட்டையும் போட்டுட்டு பெண்ணைக் கூட்டிட்டுப் போவேனாக்கும்.”

இவர் போட்டுக் கொடுத்தார். பிரேக் மிதிக்க ஆளில்லை என்று ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தாராம். சிவப்பு எரிந்தது. அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறொரு கார். நிபினுக்கு எடுத்த பாக்கெட்டில் மிச்சமிருந்த இரண்டு பல்பை அதில் போட்டார். ராத்திரி ஓட்டத்துக்கான சின்ன லைட்டை எரியவிட்டு என்னை உள்ளே உட்கார வைத்தார்.

“சவிட்டு.”

“சவிட்டியாச்சு.”

“எங்க? நல்லா சவிட்டு.”

“இதுக்கு மேல சவிட்டினா காலு ரோட்டுக்குப் போவும்.”

“எறங்கி வந்து பாரு,” என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். பல்பையே பார்த்தபடி நின்றார். சின்ன லைட் போட்டிருக்கும்போது சிவப்பு மங்கலாக எரிய வேண்டும், பிரேக் பிடித்தால் பளிச்சென்று கூட வேண்டும். இந்தப் பல்பு இரண்டுக்கும் ஒரே மாதிரி எரிகிறது. லைட் போட்டு ஓடும் வண்டி பிரேக் பிடிப்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

“நேத்து நான் சின்ன லைட்டை தனியா பாத்தேன், பிரேக்கை தனியா பாத்தேன். ரெண்டையும் சேத்துப் பாக்கல்லியே, சரோஜம்.”

எங்கள் பக்கத்தில் கல்யாண வண்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடிதான் போகும். நடுவில் வேறு வண்டி புகக்கூடாது. அதுவும் அம்பூரி மலை ரோடு, தூறல் வேறு. மாப்பிள்ளை போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நேற்று நிபினின் காரிலிருந்து கழற்றிய பழைய பல்புகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். நேற்று நான் வந்திருந்தால் என்ற நினைப்பு மனதை அறுத்தது. கோயிலுக்குப் போனது குற்றமா என்று சிவனையே கேட்டேன்.

மண்டபத்தில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். “பெண்ணும் மாப்பிளையும் எறங்கி அரை மணிக்கூறு ஆச்சே,” என்றார் ஒருவர்.

வெள்ளறடை தாண்டி மலை ஏறும் இடத்தில்தான் வரிசையைப் பார்த்தோம். முன்னால் பூ சுற்றிய கார், பகலிலும் எல்லா விளக்கும் எரிய. அதை ஒட்டி ஒரு வேன், நிறையச் சொந்தக்காரர்கள். காருக்குப் பக்கத்தில் போய் இவர் கையை ஆட்டினார். “லைட்டை அணை, மக்கா! லைட்டை!”

நிபின் கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தபடி கும்பிட்டான். வாழ்த்துகிறோம் என்று நினைத்துவிட்டான் போல. காரை ஓட்டிய அவன் சிநேகிதன் ஜித்தின் ஹார்ன் வேறு அடித்தான். எதிரே ஒரு பஸ் வளைவில் திரும்பியது. நாங்கள் ஒதுங்கினோம், கார் நின்றது. பின்னால் வேன் கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்து, ஒரு சாண் இடைவெளியில் நின்றது. வேனுக்குள் பிள்ளைகள் அலறுவது கேட்டது.

அதற்குமேல் இவர் யோசிக்கவில்லை. ஸ்கூட்டரைக் காருக்குக் குறுக்கே போட்டார்.

வேனிலிருந்து நிபினின் மாமி இறங்கி ஓடிவந்தாள். “எலே, பெண்ணு வீட்டுக்குக் கேறுதுக்கு மின்ன வண்டியை வழியில நிறுத்தலாமா? ஆருலே நீ? நல்ல நேரம் மூணு மணி வரைக்கும்தான், அதுக்குள்ள கேறணும்!”

“குத்தம் எனக்கதாக்கும், அம்மா. நான் போட்ட பல்பு செரியில்ல. அஞ்சு நிமிசம் தாங்க.”

“இது அபசகுனம்!”

வேன் டிரைவர் ஸ்டியரிங்கை விடாமல் தலையை நீட்டினான். “மாமி, ஒண்ணும் மிண்டாம நில்லுங்க. அவன் பிரேக் புடிச்சது எனக்குத் தெரியவே இல்ல.”

மாமி வேனோரம் ஒதுங்கினாள். மணப்பெண் ஜிஷாதான் இறங்கி, பட்டுப்புடவை நனைய நனைய, இவர் தலைக்குமேல் குடை பிடித்தாள். இவர் பழைய மஞ்சள் பல்புகளை மாட்டி முடித்ததும், நான் ஜித்தினிடம் சின்ன லைட்டைப் போட்டுப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். சிவப்பு மங்கி எரிந்தது, மிதித்ததும் கூடியது. மூன்று தடவை மிதிக்க வைத்தார். நிபின் முகம் கடுத்திருந்தது. வேனைத் தள்ளி வரச் சொல்லிவிட்டு, இவர் வழி விட்டார்.

நாங்கள் மழையில் நின்றோம். ரோடு மேலே வளைந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவில் மறுபடி கார் தெரிந்தது. திருப்பத்தில் சிவப்பு பளிச்சென்றது. வேன் தூரத்திலேயே மெதுவானது. இன்னொரு திருப்பம், அங்கேயும் அப்படித்தான். மூன்றாவது திருப்பத்தில் மரங்கள் மறைத்துவிட்டன. அவர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மூணுக்குள்ள கேறிருவாங்களா?”

“கேறிருவாங்க. வாங்க, நீங்க நனையுதீங்க.”

“கடையைப் பூட்டாம வந்துட்டோம்,” என்றார். ஆனால் ஸ்கூட்டரை எடுக்கவில்லை.