கூப்பிட்டது நான் இல்லை

விராலிமலையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், நேற்று பக்கத்து சீட்டுக்காரர் சளி பிடித்துப்போய், கைக்குட்டை நிறைய யூகலிப்டஸ் தைலத்தை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏசி அறை. சொல்ல வேண்டுமா? மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் கண் எரிந்தது. எனக்கு மட்டும் கையெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "என்னங்க மேடம், ஏசியக் கொறைக்கவா?" என்றார். குளிரில்லை, பழைய பயம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

எம்.பி.ஏ. படித்தபோது எங்களுக்கு 'தலைமைத்துவம்: கோட்பாடும் நடைமுறையும்' என்று ஒரு பேப்பர் உண்டு. கோட்பாடெல்லாம் போர்டோடு சரி. தலைவன் பிறக்கிறானா, உருவாக்கப்படுகிறானா என்று சார் கேட்பார். நாங்கள் ஹாஸ்டலில் அன்றைக்கு என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டிருப்போம். நடைமுறை என்று வந்தபோதுதான் வினை வந்தது. அரிமளம் போகிற ரோட்டை ஒட்டி ஒரு தைலமரக் காடு. வகுப்பில் பாதிப் பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு, முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்து வரிசையாக அதைக் கடக்க வேண்டும். தலைவர் தொடக்கூடாது, குரலால் மட்டுமே கூட்டிப்போக வேண்டும். நடப்பவர்கள் 'சரி' என்பதைத் தவிர எதுவும் பேசக்கூடாது. சார் மீதிப் பேரோடு காட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் காத்திருப்பார். அவருடைய தலைமைப் பண்பு அவ்வளவுதான்!

தலைவராக என்னைப் போட்டார்கள். திறமை ஒன்றும் இல்லை, தொண்டைதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ரகம். வரிசையில் முதல் ஆள் ஆரோக்கியமேரி, ஆவூர்க்காரி, என் ரூம்மேட். "ஒன்னைய நம்பித்தான்டி வாரேன், முள்ளுல எறக்கி விட்றாத" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணைக் கட்டவே விட்டாள்.

தைலமரக் காட்டுக்குள் போயிருக்கிறீர்களா? ஒரு குருவி கத்தாது. நல்ல வெயிலிலும் உள்ளே என்னவோ போலிருக்கும். "இடது பக்கம், வேர் இருக்கு, காலத் தூக்கு" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரத்தில், சருகு மூடிய குழியில் கால் விட்டு, நெஞ்சு தரையில் மோத விழுந்தேன். மூச்சு அடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுக்கூட வரவில்லை.

தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், வரிசை நிற்கவில்லை. போய்க்கொண்டே இருக்கிறது. நேர் எதிரே பழைய கல்குவாரி, நான் சுற்றிக் கூட்டிப்போக வேண்டிய இடம். விளிம்பில் வேலிகூடக் கிடையாது, உள்ளே பனை ஆழத்துக்குத் தண்ணீர். ஐயோ மேரி, மேரி என்று மனசுக்குள்தான் அலற முடிந்தது. பள்ளத்தின் ஓரத்துக்கே போய்விட்டவள், சட்டென்று "சரி" என்று சொல்லி நின்றாள். பின்னால் எல்லோரும் நின்றார்கள். மறுபடியும் "சரி" என்றாள், வலது பக்கம் திரும்பினாள். விளிம்பை ஒட்டியே, ஒரு கல் உருளாமல், வரிசை கலையாமல் நடந்து மரங்களுக்குள் மறைந்தார்கள். ஒவ்வொரு 'சரி'க்கும் முன்னால் யாரோ பேசி முடிப்பதற்கான நேரம் விட்டிருந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

நொண்டிக்கொண்டே ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். எல்லோரும் கண்கட்டை அவிழ்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல கிளியர் வாய்ஸும்மா. இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார் சார்.

"நான் கூப்பிடவே இல்ல சார், விழுந்து கெடந்தேன்" என்றேன். ஒரே சிரிப்பு. மேரி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"கொரலு ஒன்னோடதுதான்டி. ஆனா ஒரு எடத்துல, 'மேரிப்புள்ள, அப்புடியே நின்னுக்க'ன்னு சொன்னே. நீ என்னைய அப்புடிக் கூப்ட்டதே இல்லையேடி?"

அவள் கை சில்லிட்டுக் கிடந்தது. அந்தப் பேப்பரில் வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க், அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மேரி இப்போது துபாயில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். சார் ரிட்டயராகிவிட்டார். அந்தப் பேப்பரையே எடுத்துவிட்டார்களாம். போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். காட்டை மொட்டையாக வெட்டி, குவாரியை மண் கொட்டி மூடி, பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். விட்டது சனியன் என்று நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. என் மேரியைப் பள்ளத்தோரத்தில் பிடித்து நிறுத்தியது எதுவோ, அதற்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. இனி எந்தப் பக்கம் பார்த்துச் சொல்ல? நிற்க ஒரு மரம்கூட இல்லாமல், என் குரலையும் வைத்துக்கொண்டு, அது எங்கே போயிருக்கும்?