என் வீட்டுக்காரருக்குப் பேச்சைத் திருப்பித் தந்த ஆண்டவர்

1958, தீபாவளிக்கு முந்தின வாரம். என் வீட்டுக்காரர் சவரிமுத்து திண்டுக்கல்லில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர். சாணார்பட்டிக் குடும்பம் ஒன்று மகளின் தலைதீபாவளிச் சீருக்கு அண்டா கேட்டது. பரணில் இருந்ததை எடுக்க ஏறினார். ஏணி வழுக்கிவிட்டது. கல் தரையில் தலை மோத விழுந்தார். அண்டாவும் அவர் தலைமேலேயே விழுந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவர் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நினைவில்லை. பிழைத்தாலும் பேச்சு வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றேன்.

"ஆண்டவரே, இவர எனக்குத் தாரும். பேசுற மனுசனாத் தாரும்."

கண் விழித்தார். ஆனால் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. உயிர் மிஞ்சியதே போதும் என்று சொந்தக்காரர்கள் தேற்றினார்கள். நான் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்தபின் தினமும் காலைச் செபம் முடிந்ததும் அடுப்படிப் பாத்திரங்களை அவர் முன்னால் தூக்கிக்காட்டிப் பெயர் சொன்னேன். எனக்கும் புத்தி கலங்கிவிட்டதென்று தெருவில் பேசினார்கள். சில நாள் ஆண்டவரிடம் சண்டையே போட்டேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலை. வாயகன்ற பானை ஒன்றை எடுத்துத் தவறிக் குண்டான் என்றேன். அவர் நெற்றி சுருங்கியது. நாக்கு தடுமாறியது.

"குண்டான் இல்ல... சருவம்."

சருவத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். ஆண்டவர் அவர் தொழிலின் வழியாகவே அவர் வாயைத் திறந்தார்!

அதிலிருந்து சொல் சொல்லாகப் பேச்சும், என்னைப் பற்றிய நினைவும் திரும்பின. பொங்கல் கழிந்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். அதுவரை முதலாளி முன்னால் நிமிர்ந்து பேசியறியாத மனிதர், நிதானமாகச் சொன்னார்:

"ஏணிய செவுத்தோட சேத்து இரும்புல அடிங்க மொதலாளி. அப்புறம் வேலைக்கு வாரேன்."

முதலாளி அவர் தலைத் தழும்பைப் பார்த்துவிட்டு, கொல்லரை வரச்சொன்னார். பிறகு அந்தத் தெருவின் மற்ற கடைகளிலும் ஏணிகளுக்கு இரும்புப் பிடி வந்தது. எங்கள் கடையில் அதன்பின் யாரும் விழவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

இன்று எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் செபத்தை முன்சொல்பவர் அவர்தான். கடைசி வரிசை வரைக்கும் அவர் குரல் கேட்கும். உங்கள் வீட்டிலும் ஒருவர் வாயடைத்துக் கிடந்தால், பக்கத்தில் உட்காருங்கள். அவரோடு பேசுங்கள், ஆண்டவரோடும் பேசுங்கள். கொஞ்சமாகக் கேட்காதீர்கள். நான் முழுசாகக் கேட்டேன், முழுசாகக் கொடுத்தார்.