காப்பில் இருந்த பல் தடம்

எங்கள் மகன் ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவன் போட்டிருந்த வெள்ளிக் காப்பு இரண்டையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்திருந்தேன். பல் முளைத்த நாட்களில் வலது கைக் காப்பைக் கடித்துக்கொண்டே இருப்பான். மெல்லிய வெள்ளி என்பதால் பல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்திருந்தது.

போன வருஷம் அவன் பிறந்த நாளன்று எடுத்துப் பார்த்தால், இரண்டும் கரியாகக் கறுத்திருந்தன. கணவர் வேலையிலிருந்து வரும்வரைகூடப் பொறுக்காமல், மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் உள்ள வெள்ளிக் கடைக்கு ஓடினேன்.

"ரப்பர் பேண்ட் இட்டு வெச்சீங்களா சேச்சி? அதுல கந்தகம் உண்டு, வெள்ளி கறுத்துரும். இங்க உப்புக் காத்து வேற. பேடிக்காதீங்க, சரியாக்கித் தரேன்" என்றார் கடைக்காரர்.

கறுப்பு போனால் போதும் என்றிருந்தது. பல் தடத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அரை மணியில் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். "ஒண்ணுல சின்னச் சின்னக் குழி கிடந்தது சேச்சி. அதையும் மெஷின்ல பிடிச்சு மட்டமாக்கிட்டேன். அதுக்குக் காசு வேண்டாம்."

அவரை என்ன சொல்வது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் கணவர் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். "இதுல வலது கைக் காப்பு எது?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

இப்போது வெள்ளியை ரப்பர் படாமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். நகையைச் சுத்தம் செய்யக் கொடுத்தால், எதைத் தொடக்கூடாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்தக் காப்புகளில் மறுபடியும் லேசாகக் கறுப்பு ஏறியிருக்கிறது. அது மட்டும்தான் திரும்பி வந்தது.