அர்த்தனாரி அண்ணனுக்கு நான் கொடுத்த குரல்

1. மைக் வெடிக்கிறது

டைரக்டர் "கட்" என்று கத்தினார். காலையிலிருந்து பதினோராவது தடவை. சவுண்டு ரூமிலிருந்து வந்த பதிலும் அதேதான்: மைக் வெடிக்கிறது.

மகனைப் பறிகொடுத்த அப்பா வேஷத்தில் அர்த்தனாரி அண்ணன் வியர்த்துப் போய் நின்றார்.

"ஏனுங்க, நான் பேசறது கேக்கலீங்களா?"

"கேட்குதய்யா. ஏற்காடு வரைக்கும் கேட்குது. அதுதான் வம்பு. மெள்ளப் பேசுங்க."

மெள்ளப் பேசினால் அவர் குரல் கரகரத்து உடைந்துவிடும். நாடகக் கம்பெனியில் மைக் இல்லாமல், கடைசி வரிசையில் இருப்பவன் காதுக்கும் எட்டும்படி பேசிப் பழகிய தொண்டை அது. சாயங்காலம் வரை முயன்றுவிட்டு "சரி, ஓகே, போதும்" என்றார் டைரக்டர். தன் பாகம் நன்றாக முடிந்தது என்று அண்ணன் நம்பிவிட்டார்.

நானும் அவரும் ஒரே கம்பெனியில் பல வருஷம் வேஷம் கட்டியவர்கள். அவர் திருச்செங்கோட்டுப் பக்கம், நான் எடப்பாடி. இருவரும் மாதச் சம்பளத்துக்குச் சேலம் ஸ்டூடியோவுக்கு வந்து, செவ்வாய்ப்பேட்டையில் ஒரே அறையில் இருந்தோம். அவருக்குக் காமிரா விரும்புகிற முகம். என் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. குளோசப் என்றால் என்னை நகரச் சொல்வார்கள். கூட்டத்தில் நாலாவது ஆளாக நின்றே காலம் ஓட்டினேன். ஆனால் என் குரல் மைக்குக்கு வெண்ணெய் மாதிரி என்று சவுண்டு என்ஜினீயர் அடிக்கடி சொல்வார். அந்தப் பேச்சு என் மண்டையில் ஏறியிருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

2. லூப்

நிலக்கடலை விதைப்புக்கு அண்ணன் ஊருக்குப் போன வாரம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நல்லமுத்து, அந்த முகத்தை விட மனசு வரலை. அந்தக் குரலை வச்சுக்கவும் முடியலை. சண்டைக் காலம், ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு, திரும்ப எடுக்க வழியில்லை. நீ பேசிடு. அவர்கிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

டப்பிங் அப்போது புதுச் சரக்கு. ஒரு துண்டு ஃபிலிமை இரண்டு முனையும் ஒட்டி வளையமாக்கி மெஷினில் விடுவார்கள். ஒரே வசனம் திரும்பத் திரும்ப ஓடும். திரையில் உதட்டைப் பார்த்து நாம் பேச வேண்டும். அதற்கு லூப் என்று பெயர். எட்டு நாள் பிடிக்கும் என்றார்கள். நான் மூன்றே நாளில் முடித்தேன். அண்ணன் எங்கே மூச்சு இழுப்பார், எந்தச் சொல்லுக்கு முன் எச்சில் விழுங்குவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பக்கத்திலேயே நின்று நடித்தவன் அல்லவா.

எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. காய்ச்சலில் படுத்தவனின் வேஷத்தை இன்னொருவன் கட்ட வேண்டி வந்தால், வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு அவனிடம் போக வேண்டும். "அண்ணா, இன்னைக்கு உங்க வேசத்தை எனக்குக் குடுங்க" என்று கேட்க வேண்டும். அவன் வாங்கி வாயில் போட்ட பிறகுதான் அரிதாரத்தைத் தொடலாம். முதலாளியே சொன்னாலும் இது இல்லாமல் நடக்காது. நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

இதற்கு மட்டும் கேட்கவில்லை. வேஷம் அவருடையதுதானே, நான் கொடுப்பது வெறும் குரல்தானே, குரலுக்கு என்ன வெற்றிலை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. கேட்டு அவர் மாட்டேன் என்றுவிட்டால் என் குரல் திரைக்கு வராதே என்ற பயம். ஆசை வெட்கமறியாது.

டைரக்டர் சொல்லவே இல்லை. ஊரிலிருந்து திரும்பிய அண்ணனுக்குத் தினமும் என்னிடம் ஒரே பேச்சு.

"படம் வந்ததும் அம்மாவைக் கூட்டியாந்து காட்டோணும் நல்லமுத்து."

அவருடைய அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை போய்விட்டது. மகன் நடிக்கிற நாடகத்துக்கு வந்தால் முன்னால் உட்கார்ந்து, குரலைக் கேட்டுத்தான் மகனை 'பார்ப்பார்'. இது தெரிந்தும் நான் மூன்று மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றேன்.

3. மாட்னி

படம் வந்ததும் அண்ணன், பெட்ரோல் கிடைக்காத காலத்துக் கரி பஸ்ஸில் அம்மா, சம்சாரம், சின்ன மகள் எல்லோரையும் சேலத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். குடும்பமாகச் சேர்ந்து உட்காரலாம் என்று சேர் டிக்கெட் எடுத்திருந்தார். எனக்கும் ஒன்று. தலைவலி என்றேன். "போச்சாது, சரியாப் போயிரும், வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். ஒரு பக்கம் அவருடைய அம்மா, மறுபக்கம் நான்.

திரையில் அண்ணன் முகம் வந்தது. வாய் திறந்தது. என் குரல் வந்தது.

அண்ணனின் கை என் தொடையை ஒட்டியிருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அதா அப்பா" என்று கத்தினாள் மகள்.

அம்மா முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, நீ வந்துட்டயாம், பாப்பா சொல்றா. உம் பேச்சக் காணோமே?" என்றார்.

அண்ணன் அம்மாவின் காதருகே குனிந்தார். "எனக்கு ஊமை வேசமுங்கம்மா. பேச்சே இல்லீங்க."

"ஊமைன்னா நெஞ்சு கெடந்து அடிச்சுக்குமே. நல்லாச் செஞ்சயா?"

"செஞ்சனுங்கம்மா."

அவர் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. படம் முடியும்வரை நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் தைரியம் இல்லை.

வெளியே வந்ததும் என்னைத் தனியாக ஒதுக்கினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"ஒரு வெத்தலையை நீட்டியிருந்தீன்னா, நானே பக்கத்துல உக்காந்து, இந்த எடத்துல இப்படி அழுன்னு சொல்லியிருப்பனே நல்லமுத்து."

அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார். ஸ்டூடியோவுக்குத் திரும்பவில்லை. பெட்டியை எடுத்துப் போக மச்சினன்தான் வந்தார்.

4. அவர் ஊரில்

மனசு கேட்காமல் அடுத்த வருஷம் அவர் ஊருக்குப் போனேன். அண்ணன் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் அம்மா மட்டும் கட்டிலில் இருந்தார்.

"சேலத்துலிருந்து வாரேனுங்க. அண்ணனைப் பாக்கோணும்."

அம்மா தலையைச் சாய்த்தார். "இரு சாமி. இந்தக் குரலை நான் கேட்டிருக்கறேன். அந்தப் படத்துல மகனைப் பறிகுடுத்துட்டு ஒருத்தரு அழுவாரே, அது நீதான?"

"ஆமாங்க."

"என்னமா அழுத சாமி. ஊடு வந்து ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. எம் பையனுக்குத்தான் அதுல பேச வாய்க்காமப் போச்சு."

அண்ணன் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

அதன் பிறகு நான் எத்தனையோ முகங்களுக்குக் குரல் கொடுத்துவிட்டேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் முதலில் போய்க் கேட்டுவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குள் நுழைந்திருக்கிறேன். சிலர் சிரித்தார்கள். சிலர் முடியாது என்றார்கள், அந்தப் படம் எனக்கு இல்லாமல் போனது. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் உதட்டசைவைப் பிடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். அது பழகப் பழகத் தானாக வரும். அந்த உதட்டுக்குச் சொந்தக்காரரிடம் முதலில் போய்க் கேளுங்கள். அவருக்கும் வீட்டில் குரலைக் கேட்க ஒருவர் காத்திருப்பார்.