படிவத்தில் இருந்த கிராணி

என் கணவர் மீன்படகுகள் அணையும் ஜெட்டியில் வழுக்கி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்ட அன்று, கிள்ளான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

"காரு தவணைய நெனச்சு நீ கவலப்படாத லா. அதுக்குத்தான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கோம். நான் படுத்துட்டா கம்பெனியே கட்டிடும்."

எண்பதுகளின் நடுவில் அது. மலேசியாவில், கோல சிலாங்கூரில் இருந்தோம். ஜெட்டியில் மீன் எடுத்து, பழைய ஜப்பான் காரின் பின்பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாகப் போய் விற்பது அவர் தொழில். நான் ஒரு தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்தேன்.

கார்க் கடனை ஏற்பாடு செய்து கொடுத்த ஏஜெண்டு எங்கள் தேவாலயத்துக்கு வருகிறவர். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் காகிதங்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்த இன்சூரன்ஸ சேத்தாத்தான் அண்ணே லோன் பாஸாகும். கை கால் ஒடஞ்சாக்கூட பயமில்ல" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. இன்சூரன்ஸ் தொகையைக் கடனோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்தக் காகிதங்களை நான் வாங்கிப் படித்திருக்கலாம். படிக்கவில்லை.

விபத்து நடந்த மறுவாரம் கிள்ளானில் இருந்த கடன் கம்பெனிக்குப் பஸ் ஏறினேன். மேனேஜர் ஒரு சீனர். மலாயில் பேசினார். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த இன்சூரன்ஸ் பணம் தரும் என்றார். உன் கணவர் வேலை பார்க்கும் தோட்டத்திலிருந்து கடிதம் வாங்கி வா என்றார். அவர் மீன் விற்கிறவர், எந்தத் தோட்டத்திலும் வேலை பார்க்கவில்லை என்றேன். மேனேஜர் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். தொழில் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தது: தோட்டக் கிராணி, அதாவது ஆபீஸில் கணக்கெழுதும் குமாஸ்தா.

"அப்படியானால் உன் கணவர் பொய் சொல்லியிருக்கிறார்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார்.

"என்னாங்க, அந்த ஏஜெண்டு ஒங்கள கிராணின்னு எழுதியிருக்கான். ஒங்களுக்குத் தெரியுமா?"

நான் மடித்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தெரியும். எழுதிட்டு படிச்சுக் காட்டுனான். வேணாம்னு சொல்லியிருக்கணும்." தலையணையைச் சரிசெய்துகொண்டே, "கேக்க நல்லா இருந்துச்சு" என்றார்.

அதற்கு மேல் அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளே எதுவும் அடங்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஏஜெண்டை மறித்தேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம் அக்கா. சம்பள வேலைன்னு போடலன்னா இன்சூரன்ஸ் ஏறாது" என்றார் அவர், மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே. "அண்ணனுக்கும் தெரியுமே. நீங்க போய் சொன்னா காரத்தான் இழுத்துட்டுப் போவாங்க."

அந்தப் பயம் என்னைப் பல நாள் அலைக்கழித்தது. பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரே பாட்டை இரண்டு தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று அவர்கள் சிரித்தபோதுதான் தெரியும். என் கணவரும் "விட்ரு, காராவது மிஞ்சட்டும்" என்றார். விட முடியவில்லை. அவரிடம் சொல்லாமல் இன்னொரு நாள் லீவு போட்டுக் கிள்ளானுக்குப் போனேன்.

மேனேஜரிடம் எதையும் மறைக்கவில்லை. "என் கணவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, அது தப்புத்தான்" என்றேன். "ஆனால் எழுதியது உங்கள் ஏஜெண்டு. அவர் போட்ட கையெழுத்தைப் பாருங்கள், தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஒருவரை எந்தத் தோட்டத்தில் கிராணியாக வைத்துக்கொள்வார்கள்?"

மேனேஜர் படிவத்தை வெகுநேரம் பார்த்தார். நான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். பிறகு, சொன்னதை எல்லாம் எழுத்தில் கொடு என்று ஒரு தாளை நீட்டினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். பாதியில் பேனா மை தீர்ந்து, அவர் பேனாவையே வாங்கி முடித்தேன்.

பதில் வர ஒன்பது வாரம் ஆனது. பள்ளி முகவரிதான் கொடுத்திருந்தேன்; தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். இடையில் வந்த தவணைகளுக்கு என் தையல் மெஷினை விற்றேன். கடைசியில் வந்த கடிதத்தில், இன்சூரன்ஸை முதல் நாளிலிருந்தே ரத்து செய்து, அந்தத் தொகையையும் அதன் வட்டியையும் கடனில் கழித்துக்கொண்டதாக எழுதியிருந்தது. அவர் படுத்துக்கிடந்த மாதங்களுக்கு எதுவும் கிடையாது. காரை எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "நீ ஒத்தையா போயி பேசுனியா?" என்று மட்டும் கேட்டார்.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் அந்தக் காலில் பலம் முழுதாக வரவில்லை. கிளட்ச்சை மிதித்தால் முகம் சுருங்கிப் போகும். ஒரு நாள் சாவியை என் கையில் கொடுத்து, "நீ கத்துக்க" என்றார். மூன்றாவது முறைதான் லைசென்ஸ் டெஸ்டில் தேறினேன். அதன் பிறகு சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறைகளில் நான் ஓட்டுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, லயத்து முனை வந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மீனு, மீனு" என்று கூவுவார்.