கூட்டம் பார்க்கும் லிஃப்ட்காரர்

நாற்காலியை இரண்டு தடவை ஆட்டிப் பார்க்காமல் லிஃப்ட்காரர் உட்கார மாட்டார். உட்கார்ந்ததும் மின்விசிறி, சன்னல், வாசல் என்று வரிசையாக ஒரு பார்வை. அப்புறம் தலைகளை எண்ணுவார். பத்துக்கு மேல் இருந்தால் சந்தைக்கடை. ஐந்துக்குக் கீழே போனால், "நடத்துறவங்களுக்கே நம்பிக்கை இல்ல போல" என்பார். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கு, தரச்சான்று கொடுக்க வந்த அதிகாரியின் மிடுக்கோடு வந்து போகிறவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். அதில் இருபது வருடம் குடியும் உண்டு. போன வருடம் டாக்டர் அவருடைய கல்லீரலின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, கூட்டங்கள் நடக்கும் இடங்கள் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். பதினோரு முகவரி. பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் போல லிஃப்ட்காரர் வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றும் அமையவில்லை.

நூலகத்துப் பின்னறையில் எல்லாரும் அழுதார்கள். "நமக்கு ஒத்துவராது." விளையாட்டு மன்றத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "இதெல்லாம் சிரிக்கிற விஷயமா?" கைப்பேசி வழியாக நடந்த கூட்டத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சேர்ந்தார், ஒலியை அணைக்க மறந்து தூங்கிப்போனார். அன்று நாற்பது பேர் கேட்ட அனுபவப் பகிர்வு அவருடைய குறட்டை. நான்காம் மாடிக் கூட்டம் ஒன்றுக்குப் போனபோது அந்தக் கட்டடத்து லிஃப்ட் முனகியது. நேரே மொட்டை மாடிக்கு ஏறி, இயந்திரத்தைப் பிரித்து, எண்ணெய் விட்டு, கூட்டம் முடிந்த பிறகு இறங்கினார். "எப்படி இருந்துச்சு?" என்று மனைவி கேட்டதற்கு, "பிரமாதம். இப்ப சத்தமே இல்ல" என்றார்.

அவர் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர், கியரை மாற்றுகிற வேகத்தில் பேசக்கூடியவர். "குடிக்கப் போறப்ப இவ்வளவு பொறுக்கிப் பார்த்தீங்களா? ஷட்டர் தூக்கியிருந்தாப் போதும், உள்ள நுழைஞ்சீங்களே!"

வீட்டுப் பக்கத்துத் தெருக் கூட்டத்தில் இருந்துதான் அவர் நிஜமாகவே ஓடினார். வட்டத்தில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார், மாதாமாதம் அவருக்கு முடிவெட்டுகிறவர். "நாளைக்கு ஊர் பூரா தெரிஞ்சிடும்" என்று வெளியேறினார் லிஃப்ட்காரர். தள்ளாடி வீடு திரும்பிய இருபது வருடமும் ஊர் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்பது அவருடைய எண்ணம்.

கடைசி முகவரி, ஒரு கண் மருத்துவமனைக்குப் பின்னால் தரைத்தள அறை. சனிக்கிழமை காலை பத்து மணி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் நடத்துகிறார். அவர் குடியை விட்டுப் பதினான்கு வருடம். இதற்கு மேல் தாளில் முகவரி இல்லாததால் லிஃப்ட்காரர் அங்கேயே நிலைத்தார். அவர் முறை வரும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே வாசகத்தைச் சொல்வார்: "மத்தவங்க அளவுக்கு நான் மோசம் இல்லைங்க. வேலை நேரத்துல தொட்டதே கிடையாது." டீச்சர் தலையாட்டுவார். இப்படி ஏழு சனிக்கிழமை.

எட்டாவது சனிக்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்தவர் சலூன்காரர். லிஃப்ட்காரரைப் பார்த்ததும் திரும்பி நடக்கப் பார்த்தார். "உக்காருங்க, இங்க யாரும் யாரையும் கடிக்க மாட்டோம்" என்றார் டீச்சர்.

"இவருக்காகத்தாங்க அந்தக் கூட்டத்தையே விட்டேன். வாடிக்கைக்காரர், நாலு பேர்கிட்ட சொல்லிட்டா பொழப்பு என்னாகும்னு பயம்" என்றபடி சலூன்காரர் உட்கார்ந்தார். தன் கைகளையே பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "ஒருத்தர் காதைக் கிழிச்சிட்டேன். மூணு தையல். கத்தி சரியில்லன்னு சொல்லிட்டேன். அவரும் நம்பிட்டார். கத்தி நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்தது லிஃப்ட்காரர். செருமினார். "மத்தவங்க அளவுக்கு…" என்று வழக்கமாகத் தொடங்கியவருக்கு அதற்கு மேல் வரவில்லை.

"ஏழாவது மாடி" என்றார். "லிஃப்ட் வந்து நின்னாத்தான் கதவு திறக்கும். அதுக்குன்னு ஒரு பூட்டு உண்டு. வேலைக்காக அதைக் கழட்டி வச்சிருந்தேன். திரும்ப மாட்டணும். மாட்டல. காலையிலேயே தண்ணி போட்டிருந்தேன். ஒரு வயசான அம்மா, லிஃப்ட் நிக்குதுன்னு நினைச்சுக் கதவைத் தள்ளி, உள்ள காலை வச்சுட்டாங்க. பின்னால வந்த மருமக தோளைப் பிடிச்சு இழுத்துட்டா. மெஷின் கோளாறுன்னு கம்பெனியில எழுதினாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"கீழ. லிஃப்ட் குழிக்குள்ள. அந்தம்மாவோட செருப்பு ஒண்ணு என் பக்கத்துல வந்து விழுந்துச்சு. மேல பார்த்தேன். அடுத்தது அவங்கதான்னு…"

வாக்கியம் அங்கேயே நின்றது. உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்தவர் பேசத் தொடங்கிய பிறகும் அந்தக் கைகள் இறங்கவில்லை.